கன்னடக் கொடியில் வெள்ளை உண்டா? எந்த மஞ்சள் சரியான மஞ்சள்?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பெங்களூருவில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் நவம்பர் 1 அன்று வரும் மாநில தினமான ராஜ்யோத்சவத்துக்குக் கொடியேற்றப் போகிறார்கள். மேலே மஞ்சள், கீழே சிவப்பு என்று ஒரு கொடி வாங்கி வந்திருக்கிறார்கள். ஒருவர், "இது பழைய கொடி, இப்போது நடுவில் வெள்ளையும் அதன்மேல் மாநிலச் சின்னத்தில் இருக்கும் கண்டபேருண்டம் என்ற இருதலைப் பறவையும் வந்தாயிற்று" என்கிறார். இன்னொருவர், "அந்த வெள்ளைப் பட்டை அரசியல்வாதிகள் செருகியது, அதை விடுங்கள். ஆனால் நீங்கள் வாங்கிய மஞ்சளும் தப்பு, எலுமிச்சை நிறத்தில் இருக்கிறது" என்கிறார். இதில் யார் சொல்வது சரி?

கொடி வாங்கியவர் எந்தத் தப்பும் செய்யவில்லை. வெள்ளை சேர்ந்த கொடியும் கற்பனை இல்லை. 2018இல் மாநில அரசே ஏற்று வெளியிட்ட வடிவம் அது. ஆனால் மத்திய அரசின் ஒப்புதல் கிடைக்காததால் வழக்கத்துக்கு வரவில்லை. மூன்றாமவரின் மஞ்சள் வழக்குக்குத் தீர்ப்பு சொல்லும் ஆவணம் எதுவும் கிடையாது. கன்னடக் கொடியின் நிறங்களை அளந்து எழுதி வைத்த சட்டமோ அரசாணையோ இல்லை. அதனால் 'சரியான நிறம்' என்று சொல்லும்போது, யாருடைய கணக்கில் சரி என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இந்தக் கொடி அரசாங்கத்தில் பிறந்ததல்ல. 1960களில் ம. ராமமூர்த்தி உருவாக்கியது. எழுத்தாளர், பத்திரிகையாளர், கன்னட இயக்கத்தின் முன்வரிசை ஆள். அவர் தொடங்கிய 'கன்னட பக்ஷ' என்ற கட்சியின் கொடியாகத்தான் மஞ்சளும் சிவப்பும் முதலில் வந்தன. அந்த நாளில் பெங்களூரில் தமிழ், தெலுங்கு, இந்திப் படங்களும் மற்ற மொழிகளின் அமைப்புகளும் ஓங்கியிருந்தன. கன்னடருக்கென்று தூக்கிப் பிடிக்க ஒரு கொடிகூட இல்லை என்ற ஆதங்கத்தில் பிறந்தது இது. அந்த ஆதங்கத்தில் ஒரு பங்கு நம்மைப் பார்த்தும் இருந்தது என்பதைத் தமிழர்கள் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. ராமமூர்த்தி 1967இல் இறந்துவிட்டார். 'மைசூர் மாநிலம்' என்ற பெயர் 'கர்நாடகம்' ஆனது 1973 நவம்பர் 1 அன்று. ஆக, கொடி மாநிலத்தின் பெயரைவிட மூத்தது. கொடியை உருவாக்கியவர் அந்தப் பெயர் வந்ததைப் பார்க்கவில்லை.

மஞ்சளும் குங்குமமும்தான் அந்த இரண்டு நிறங்கள். இதற்கு மேல் நமக்கு விளக்கம் தேவையில்லை. எந்தக் கோயில் வாசலில் நின்றாலும் தெரியும் நிறங்கள். இந்தக் கொடி பரவியதற்கு அது ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன். இரண்டு துண்டுத் துணியைச் சேர்த்துத் தைத்தால் கொடி தயார். சின்னம் வரையத் தெரிந்திருக்க வேண்டாம், அச்சகமும் வேண்டாம். 1980களின் தொடக்கத்தில் நடிகர் ராஜ்குமார் தலைமையேற்ற கோகாக் போராட்டம், பள்ளிகளில் கன்னடத்துக்கு முதலிடம் கேட்டு மாநிலம் முழுக்கப் பெரும் கூட்டத்தைத் திரட்டியது. அந்த அலைக்குப் பிறகு இதை ஒரு கட்சிக் கொடியாகப் பார்ப்பவர்கள் குறைந்துபோனார்கள். இன்றைக்கு ஆட்டோவின் முன்கண்ணாடியில், தெருமுனைக் கம்பத்தில், போராட்டக்காரர்களின் தோள்துண்டில், புவனேஸ்வரி அம்மன் படத்துக்குப் பின்னால், கிரிக்கெட் மைதானத்தில் என்று எங்கும் இருப்பது இந்த இரண்டு நிறம்தான். சிலவற்றில் நடுவில் மாநில வரைபடம் இருக்கும், சிலவற்றில் அம்மன் உருவம். அதையெல்லாம் யாரும் தப்பென்று சொல்வதில்லை.

சிக்கல், அரசு இதைக் கையில் எடுத்தபோது ஆரம்பித்தது. 2012இல் பாரதிய ஜனதா ஆட்சி. முதல்வர் சதானந்த கௌடா தன் பட்ஜெட் உரையில், நவம்பர் 1 அன்று அரசு அலுவலகங்களிலும் கல்வி நிறுவனங்களிலும் கன்னடக் கொடி ஏற்றுவதைக் கட்டாயமாக்கினார். விஷயம் உயர்நீதிமன்றத்துக்குப் போனது. அரசு பின்வாங்கியது. தனிக் கொடி தேசியக் கொடியின் முக்கியத்துவத்தைக் குறைக்கும் என்று அதே அரசே நீதிமன்றத்தில் சொல்லும் நிலை வந்தது.

ஐந்து வருடம் கழித்துக் காங்கிரஸ் ஆட்சி. 2017இல் சித்தராமையா அரசு, மாநிலத்துக்கென்று கொடி வடிவமைக்கவும் அதற்குச் சட்ட அங்கீகாரம் பெற வழி பார்க்கவும் ஒன்பது பேர் குழு ஒன்றை அமைத்தது. 2018 மார்ச் 8 அன்று முதல்வர் ஒரு கொடியை விரித்துக் காட்டினார். மேலே மஞ்சள், நடுவில் வெள்ளை, கீழே சிவப்பு, வெள்ளையின் மையத்தில் மாநில அரசின் சின்னம். அதை அமைச்சரவை மட்டத்தில் ஏற்று மத்திய அரசுக்கு அனுப்பினார்கள். அடுத்த மே மாதம் சட்டமன்றத் தேர்தல். தேர்தலுக்காக எடுத்த கொடி என்று எதிர்க்கட்சிகள் சொன்னதில் ஆச்சரியம் இல்லை. கோப்பு தில்லிக்குப் போனது, பதில் வரவில்லை. 2019 ஜூலையில் மாநிலத்தில் ஆட்சி மாறியதும், நாட்டுக்கு ஒரே கொடிதான் என்று புதிய அமைச்சர் சி.டி. ரவி பேச, முயற்சி அப்படியே நின்றது.

இப்போது அந்த வெள்ளைக்கு வருவோம், ஏனென்றால் உண்மையான சண்டை அங்கேதான். வெள்ளை அமைதியைக் குறிக்கிறது என்பது அரசின் விளக்கம். கொடி வடிவமைக்கும் எல்லாக் குழுக்களும் வெள்ளைக்குச் சொல்லும் விளக்கம் அது. என் கணிப்பில் வேறு இரண்டு காரணங்கள் இதைவிட வலுவானவை. முதலாவது, கட்சியில் பிறந்து இயக்கங்களின் கையில் வளர்ந்த கொடியை அப்படியே எடுத்து அரசுக் கொடி என்று அறிவிப்பதில் எந்த அரசுக்கும் தயக்கம் இருக்கும். ஏதாவது ஒரு மாற்றம் செய்தால்தான் அது 'அரசு தந்த கொடி' ஆகும். இரண்டாவது, சின்னம். கர்நாடக அரசுச் சின்னத்தில் சிவப்புக் கேடயம், அதில் வெள்ளை இருதலைப் பறவை, கேடயத்துக்கு நீல விளிம்பு, இரு பக்கமும் சிவப்புப் பிடரியோடு மஞ்சள் நிற சரபங்கள் (யானை முகச் சிங்கங்கள்), கீழே பச்சை இலைகள், உச்சியில் அசோகச் சிங்கம். இத்தனை நிறத்தையும் கொண்டுபோய் மஞ்சளும் சிவப்பும் சந்திக்கும் கோட்டில் வைத்தால் கேடயம் சிவப்பில் கரையும், சரபம் மஞ்சளில் கரையும். சின்னம் கண்டிப்பாக வேண்டுமென்றால் வெள்ளைத் தளம் வேண்டும். அதாவது, வெள்ளை வந்தது சின்னத்துக்கு இடம் கொடுக்க.

எனக்கு அந்த வடிவம் பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பியக் கேடயக் கலையில் ஒரு பழைய விதி உண்டு. மஞ்சளும் வெள்ளையும் பொன், வெள்ளி என்று 'உலோகங்கள்'. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கக்கூடாது, தூரத்திலிருந்து பிரித்தறிய முடியாது. வத்திக்கான் கொடி இதற்குப் பெயர்பெற்ற விதிவிலக்கு. பழைய கன்னடக் கொடியில் மஞ்சளும் சிவப்பும் நேராக மோதுவதால் அரைக் கிலோமீட்டரிலும் தெரியும். 2018இன் மூவண்ண வடிவத்தில் வெயில் நேரத்தில் மேல் இரண்டு பட்டைகளும் ஒன்றாகிவிடும். சின்னம் இன்னும் மோசம். கம்பத்தின் உச்சியில் அது ஒரு சிவப்புப் புள்ளி மட்டுமே. எந்தத் தையல்காரரும் வீட்டில் வைத்துத் தைக்க முடியாத கொடி ஆகிவிட்டது. இது ரசனை சார்ந்த கருத்துதான். மைசூர் உடையார்களின் அரச முத்திரையாக இருந்த கண்டபேருண்டத்துக்குக் கொடியில் இடம் வேண்டும் என்று விரும்புகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் வாதத்தில் வரலாறு இருக்கிறது. வட கர்நாடகத்தில் சிலருக்கு அதே காரணத்தாலேயே அது தென்பகுதியின் சின்னமாகத் தெரியலாம் என்பதையும் மறக்க வேண்டாம்.

மாநிலத்துக்குத் தனிக் கொடி கூடுமா என்ற சட்டக் கேள்வியில் நீட்டிப் பேச அதிகம் இல்லை. அரசியலமைப்பு அதை அனுமதிக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. ஆதரிப்பவர்கள், 1994ஆம் ஆண்டு எஸ்.ஆர். பொம்மை வழக்கில் கூட்டாட்சி பற்றி உச்சநீதிமன்றம் தந்த தீர்ப்பைத் துணைக்கு அழைக்கிறார்கள். அந்த பொம்மையும் கர்நாடக முதல்வராக இருந்தவர்தான். ஜம்மு காஷ்மீருக்கு 1952 முதல் தனிக் கொடி இருந்தது. சிவப்புத் தளத்தில் வெள்ளைக் கலப்பை, மூன்று பகுதிகளைக் குறிக்க மூன்று வெள்ளைக் கோடுகள். 2019இல் 370ஆம் பிரிவின் சிறப்புரிமை போனதோடு அதுவும் இறங்கியது. நம் பக்கம் 1970இல் கருணாநிதி தமிழ்நாட்டுக்கென்று ஒரு கொடி வடிவத்தை முன்வைத்தார், அது நடக்கவில்லை. சுதந்திர தினத்தன்று கோட்டையில் தேசியக் கொடியை ஆளுநருக்குப் பதில் முதல்வர் ஏற்றும் உரிமைதான் 1974இல் கிடைத்தது.

நிறம் ஒன்றைச் சேர்ப்பதும் எடுப்பதும் எவ்வளவு பெரிய அரசியலாகும் என்பதற்கு பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியைப் பார்க்கலாம். டச்சு மொழி பேசும் பகுதி அது. கொடியில் மஞ்சள் தளத்தில் கறுப்புச் சிங்கம். 1973இல் அதிகாரப்பூர்வமாக ஏற்ற கொடியில் சிங்கத்தின் நகமும் நாக்கும் சிவப்பு. பழைய ஃபிளாண்டர்ஸ் கோமகன்களின் கேடயமும் அப்படித்தான் என்பது அதன் நியாயம். ஆனால் தனி நாடு கேட்கும் ஃபிளமிஷ் தேசியவாதிகள் நகம், நாக்கு உட்பட முழுக் கறுப்புச் சிங்கத்தையே பிடிப்பார்கள். காரணம் எளிது. கறுப்பு, மஞ்சள், சிவப்பு மூன்றும் சேர்ந்தால் பெல்ஜியத்தின் தேசியக் கொடி நிறம். சிவப்பைக் கழித்தால் பெல்ஜியத்தைக் கழித்த மாதிரி. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியருக்கு ஒத்துழைத்தவர்களும் கறுப்புச் சிங்கத்தைப் பயன்படுத்தியதால், சிலர் கண்ணுக்கு அது துரோகத்தின் கொடி. சைக்கிள் பந்தயப் பாதை ஓரத்தில் ஒரே கம்பிவேலியில் இரண்டும் பறக்கும். தூரத்தில் நிற்பவருக்கு வித்தியாசம் தெரியாது, உள்ளூர்க்காரர்கள் நகத்தைப் பார்த்து ஆளைக் கணிப்பார்கள். அதோடு ஒப்பிட்டால் கன்னடக் கொடியின் வெள்ளைச் சண்டை மென்மையானது. இரண்டு தரப்பும் கன்னடத்தின் பக்கம்தான் நிற்கிறது. கொடி மக்களுடையதா, அரசினுடையதா என்பது மட்டுமே அங்கே வழக்கு.

சரி, எலுமிச்சை மஞ்சள் என்று குறை சொன்னவருக்கு வருவோம்.

தேசியக் கொடியை எடுத்துக்கொண்டால் இந்தச் சண்டைக்கு இடமே இல்லை. இந்தியத் தர நிர்ணயத்தில் முதல் எண்ணைப் பெற்றதே அதுதான், ஐ.எஸ். 1. 1968இல் திருத்திய அந்தத் தர ஆவணத்தில் காவிக்கு எக்ஸ் 0.538, ஒய் 0.360 என்று, நிறத்தை எண்ணால் குறிக்கும் ஆயங்கள் கொடுத்திருக்கிறார்கள். பச்சைக்கு 0.288, 0.395. துணியின் இழை, எடை, வெயிலிலும் துவைப்பிலும் சாயம் தாங்குமா என்ற சோதனை, 6300க்கு 4200 மில்லிமீட்டரில் தொடங்கி 150க்கு 100 வரை ஒன்பது அளவுகள், எல்லாம் எழுதியிருக்கும். வேடிக்கை என்னவென்றால், அந்தத் தரச் சான்றோடு நீண்ட காலமாகத் தேசியக் கொடி செய்து தருவது கர்நாடகத்தின் ஹுப்பள்ளியில், பெங்கேரியில் இருக்கும் காதி கிராமோத்யோக சம்யுக்த சங்கம். நாட்டின் காவியை மூன்றாம் தசமம் வரை சரிபார்க்கும் மாநிலத்தில், சொந்தக் கொடியின் மஞ்சளுக்கு ஒரு எண்கூட இல்லை.

எண் இல்லாததன் விளைவு கடையில் தெரியும். பளபளக்கும் சாட்டின் துணியில் வருவது பளிச்சென்ற எலுமிச்சை மஞ்சள். பருத்தியில் வருவது கொஞ்சம் ஆரஞ்சு கலந்து, மஞ்சள் கிழங்கின் நிறத்துக்கு நெருக்கமாக இருக்கும். சிவப்பும் அப்படித்தான், ரத்தச் சிவப்பிலிருந்து குங்குமச் சிவப்பு வரை. ஒரே கடையில் அடுத்தடுத்த கட்டில் வாங்கினாலும் சாயம் மாறியிருக்கும். அச்சடித்ததில் ஒரு பக்கம் அடர்த்தி, மறுபக்கம் வெளிறல். வெயிலில் மாதக்கணக்கில் பறந்தபின் சிவப்பு வெளுத்து ரோஜா நிறத்துக்குப் போய்விடும். செல்போன் திரையில் பரவும் படங்களிலோ அவரவர் இஷ்டத்துக்கு ஒரு நிறம். இதில் எதையாவது பிடித்துக்கொண்டு, இதுதான் அசல் என்று சாதிக்க ஆதாரம் கிடையாது. குறியீட்டை வைத்துப் பார்த்தால் கிழங்கு மஞ்சளும் குங்குமமும்தான் பொருந்தும் என்று வாதிடலாம். நானும் அந்தப் பக்கம்தான் சாய்வேன். ஆனால் அது விருப்பம். எலுமிச்சை மஞ்சளைத் 'தப்பு' என்று சொல்ல அது போதாது.

எண் வைத்துக்கொள்ள விரும்பினால் வழி இல்லாமல் இல்லை. ஸ்காட்லாந்தில் இதே பிரச்சினை இருந்தது. வெள்ளைப் பெருக்கல் குறி சரி, பின்னால் இருக்கும் நீலம் எது? நூற்றாண்டுக் கணக்கில் வான நீலத்திலிருந்து கடற்படைக் கருநீலம் வரை எல்லாமே பறந்தது. கேடய விதியில் 'நீலம்' என்று மட்டும்தான் எழுதியிருந்தது, எந்த நீலம் என்று இல்லை. ஒரு குடிமகனின் மனுவை எடுத்துக்கொண்டு ஸ்காட்டிஷ் பாராளுமன்றக் குழு ஒன்று 2003 பிப்ரவரியில், நிறங்களுக்கு எண் தரும் பாண்டோன் அட்டவணையின் 300ஐப் பரிந்துரைத்தது. பிரித்தானியக் கொடியின் 280ஐவிட வெளிச்சமான நீலம் அது. கவனியுங்கள், சட்டம் போடவில்லை, பரிந்துரை மட்டும்தான். பழைய கருநீலக் கொடி வைத்திருந்தவரை யாரும் தண்டிக்கவில்லை. புதிதாகத் தைப்பவர்கள் அந்த எண்ணைக் கேட்க ஆரம்பித்தார்கள், அவ்வளவுதான். கர்நாடக அரசின் கன்னட மற்றும் பண்பாட்டுத் துறை நினைத்தால், தில்லியின் ஒப்புதல் எதுவும் கேட்காமல், இப்படி ஒரு வழிகாட்டுக் குறிப்பை வெளியிடலாம். வெள்ளைக்காகச் செலவழித்த உழைப்பில் கால்பங்கு போதும்.

அங்கீகாரம் இல்லாததால் இந்தக் கொடிக்கு மதிப்பு குறைந்துவிட்டதா என்றால், நடந்ததைப் பாருங்கள். 2021 ஜூனில் அமேசானின் கனடா தளத்தில் கன்னடக் கொடியின் நிறங்களும் மாநிலச் சின்னமும் போட்ட நீச்சலுடை விற்பனைக்கு வந்தது. மாநில அமைச்சரே சட்ட நடவடிக்கை எடுப்போம் என்றார். அதே வருடம் டிசம்பரில் மகாராஷ்டிரத்தின் கோலாப்பூரில் கன்னடக் கொடியை எரித்தார்கள். பெலகாவியில் பதற்றம், மாநிலம் முழுக்கக் கொந்தளிப்பு. அப்போது முதல்வர் பசவராஜ் பொம்மை, மேலே சொன்ன வழக்கின் பொம்மையின் மகன். இரண்டு முறையும் அவமதிக்கப்பட்டது மஞ்சள்-சிவப்புதான். எரிந்தது அரசு ஏற்ற வடிவமா என்று யாரும் கேட்கவில்லை. 1971ஆம் ஆண்டு தேசியச் சின்னங்கள் அவமதிப்புத் தடுப்புச் சட்டம் இந்தக் கொடியைக் காக்காது. நீச்சலுடை விஷயத்திலும் சட்டப் பிடி இருந்தது சின்னத்துக்கு, நிறங்களுக்கு இல்லை.

இதையெல்லாம் வைத்துத்தான், வழக்கத்தில் இருக்கும் இரட்டை வண்ணமே இன்றைய கன்னடக் கொடி என்று நான் சொல்வேன். 2018 வடிவம் ஒரு முன்மொழிவு. அதை ஏற்றினால் குற்றம் இல்லை. ஆனால் கன்னட நண்பர்கள் பலருக்கு அது ஒரு கட்சியின் ஆட்சிக்கால நினைவாகத் தோன்றும், இன்னும் சிலர் கன்னடக் கொடியைச் சிதைத்துவிட்டீர்கள் என்றே கோபப்படுவார்கள். நாம் வெளியிலிருந்து வந்து குடியிருப்பவர்கள் என்றால் அந்த வம்பு எதற்கு?

குடியிருப்பு விழாவுக்கு நான் சொல்வது இது. வாங்கிய கொடியே போதும், மாற்ற வேண்டாம். அடுத்த முறை வாங்கும்போது அச்சடித்ததை விட்டுவிட்டு, இரண்டு துணி சேர்த்துத் தைத்ததைக் கேளுங்கள், மஞ்சளும் கிழங்கு நிறத்துக்குப் பக்கத்தில் கிடைக்கும், குறை சொன்னவரும் அடங்குவார். மஞ்சள்தான் மேலே வர வேண்டும். கயிறு கட்டும்போது தலைகீழாகப் போவது அடிக்கடி நடக்கிறது, சாயலைவிட இதைத்தான் எல்லோரும் கவனிப்பார்கள். தேசியக் கொடியும் ஏற்றுகிறீர்கள் என்றால் இரண்டையும் ஒரே கம்பத்தில் கட்டாதீர்கள், 2002ஆம் ஆண்டுக் கொடி விதிகளில் அதற்கு இடமில்லை. கன்னடக் கொடிக்குத் தனிக் கம்பம் வையுங்கள். அது தேசியக் கொடிக்குச் சமமாக ஒட்டி நிற்காமல், சற்று தள்ளி, உயரம் குறைவாக இருக்கட்டும்.